அரை மணிதானே, அடக்கிக்கோங்க

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. விபத்து அறிக்கைப் படிவம், இரண்டாம் பக்கம், பதினோராவது கேள்வி: “கடலுக்குள் டைவ் செய்தவர் போதுமான அளவு தண்ணீர் குடித்திருந்தாரா?” பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். நான் ‘இல்லை’யில் ஒரு கோடு இழுத்தேன். ஒரு நொடி ஆகியிருக்கும். அந்த ஒரு நொடியைப் பதினான்கு மாதமாகத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கோபம் ஆறிய பிறகு எழுத உட்கார வேண்டும் என்று சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. ஆற வைக்கவும் உத்தேசமில்லை.

முதல் பிரதியில் “இயற்கை உபாதை” என்று எழுதியிருந்தேன். இரண்டாவதில் “சிறுநீர்”. இப்போது மூத்திரம் என்றே எழுதுகிறேன். அடிவயிறு கல்லாகிப்போய் உட்கார்ந்திருப்பவளுக்கு உபாதை வருவதில்லை, மூத்திரம்தான் வருகிறது. முகம் சுளிப்பவர்கள் இப்போதே இறங்கிக்கொள்ளலாம். படகு இன்னும் கட்டித்தான் கிடக்கிறது.

2

தொடக்கங்கள்.

(அ) “நவம்பர் மாதத்துக் கடல் அன்று காலை நீலப் பட்டு விரித்தாற்போல்...”

அடித்துவிட்டேன். கடல் அன்று பட்டு மாதிரி இல்லை. ஐந்தடி அலை. தவிர, கடல் இதில் சாட்சிகூட இல்லை.

(ஆ) “ஜார்ஜியாவில் ஒரு கோழி ஆலையில், நிமிடத்துக்கு நூற்று நாற்பது கோழிகள் கொக்கியில் தொங்கி வரும் வரிசையின் முன்னால், வெர்னா டீஸ்லி பத்தொன்பது வருடம் கத்தியோடு நின்றாள். ஒண்ணுக்குப் போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். மேற்பார்வையாளர் பார்க்க வேண்டும். பார்த்தும் பார்க்காமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. அதனால் பெண்கள் வேலைக்கு வரும் நாளுக்கு முந்தைய இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். சிலர் பெரியவர்களுக்கான டயப்பர் கட்டிக்கொண்டு...”

இது உண்மை. நல்ல தொடக்கமும்கூட. நின்ஃபாவுக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினேன். நின்ஃபா அதே வரிசையில் வெர்னாவுக்கு அடுத்த இடத்தில் நின்றவள். குவாத்தமாலாக்காரி. வெர்னாவோடு சேர்ந்து டைவிங் கற்றுக்கொண்டவள்.

“கோழியில ஆரம்பிக்காத,” என்றாள்.

“ஏன்?”

“ஆரம்பிச்சா என்ன ஆகும் தெரியுமா? படிக்கிறவன் ‘ஐயோ பாவம்’னு உச்சுக்கொட்டிட்டு எல்லாப் பழியையும் ஆலை மேல போட்டுட்டு உன்னை விட்டுருவான். உனக்கு அதுதான் வேணுமா, மார்னி?”

எனக்கு அதுதான் வேண்டியிருந்தது என்று அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

(இ) படகில் ஆரம்பிக்கிறேன்.

3

மயாமிக்குத் தெற்கே கீ லார்கோவில், டைவ் அடிக்க வருபவர்களைக் கடலுக்குள் ஏற்றிப்போகும் ஒரு படகில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். கயிறு கட்டுவது, சிலிண்டர் மாற்றுவது, தண்ணீருக்குள் போனவர்களையும் திரும்பியவர்களையும் எண்ணுவது, வாந்தியைக் கழுவுவது. கேப்டன் ராய்ஸ் குன்கெல். எனக்கு நாற்பத்து நான்கு வயது. அவருக்கு நான் எப்போதும் “பொண்ணு”.

படகின் முன்பக்கம், நான்கு படி கீழே, ஒரு டாய்லெட் உண்டு. உட்கார்ந்தால் முழங்கால் கதவில் இடிக்கும். கையால் பம்ப் அடிக்க வேண்டும். விபத்து நடந்த வருடம் கோடையில் யாரோ ஈரத்துடைப்புத் தாள் ஒன்றை உள்ளே போட்டுவிட்டார்கள். ராய்ஸ் அரை நாள் முழங்கைவரை கையை விட்டு அதை எடுத்தார். அடுத்த நாள் கதவில் பூட்டு தொங்கியது. சாவி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், கொக்கியில்.

[ஒரு பிரதியில் சாவி என் கழுத்தில் தொங்குவதாக எழுதினேன். குற்றவாளியாகக் காட்டிக்கொள்வதிலும் ஒரு சொகுசு இருக்கிறது. சாவி கொக்கியில்தான் இருந்தது. என் கைக்கு எட்டும் தூரம். அது போதும்.]

இனி விதிகள். தயவுசெய்து கவனமாகப் படியுங்கள், தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகவே இருக்கும்.

படகை நடத்தும் டைவிங் கடையில் ஒட்டியிருந்த விதி: வாடகை டைவிங் சூட்டுக்குள் மூத்திரம் போகாதீர்கள். ரப்பர் உடை அது, நாற்றம் போகாது.

படகின் விதி: டாய்லெட் உபயோகத்தில் இல்லை. ஆண்கள் பின்பக்கம் நின்று போகலாம். பெண்கள் உடையைக் கழற்றிவிட்டுக் கடலில் குதித்துப் போய்விட்டு வரலாம்.

கேப்டனின் விதி: அலை அதிகமான நாளில் இரண்டு டைவுக்கு நடுவே யாரும் கடலில் இறங்கக் கூடாது. ஏணி மண்டையைப் பிளந்துவிடும்.

கூட்டிப் பாருங்கள். ஆணுக்கு ஒரு வழி மிச்சம் இருக்கும். பெண்ணுக்குக் கணக்கு பூஜ்யம். ஆறு வருடத்தில் நான் ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை. எனக்கு சூட் சொந்தம், முதல் விதி என்னைத் தொடாது.

4

வெர்னாவும் நின்ஃபாவும் ஐந்து நாள் பயணமாக வந்திருந்தார்கள். வெர்னாவுக்கு ஐம்பத்தெட்டு. ஆலையை விட்ட பிறகு, தண்ணீர் நிரம்பிய பழைய கல்குவாரி ஒன்றில் டைவிங் கற்றுக்கொண்டவள். எதற்கு இந்த வயதில் என்று முதல் நாளே கேட்டேன். “தண்ணிக்கடியில மெதுவா இருக்கறவதான் கண்ணு கெட்டிக்காரி,” என்றாள். “பத்தொன்பது வருஷம் வேகமா இரு, வேகமா இருன்னு கேட்டாச்சு.” உண்மையில் அவளைப்போல அமைதியாகக் காற்றிழுப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எல்லோரும் மேலே வந்த பிறகும் அவள் சிலிண்டரில் பாதிக் காற்று இருக்கும்.

மூன்றாவது நாள். ஏழரை மணி. பத்துப் பேர். ராய்ஸ் வழக்கமான காலைப் பேச்சை ஆரம்பித்தார். உயிர்காப்புச் சட்டை எங்கே, ஆக்ஸிஜன் எங்கே. அப்புறம் அந்த ஜோக். டைவ் அடிப்பவர்களில் இரண்டே ஜாதி. சூட்டுக்குள்ளேயே போறவன், போயிட்டு இல்லைன்னு சொல்றவன். உலகத்தில் எல்லாப் படகிலும் இதே ஜோக்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இரண்டாயிரமாவது தடவையாக.

பிறகு என் முறை. “நிறையத் தண்ணி குடிங்க,” என்றேன். “உடம்பு காய்ஞ்சிருந்தா ஆழத்துல சேர்ற காத்து சீக்கிரம் வெளியேறாது. குமிழி கட்டிக்கும்.” அதே மூச்சில், “டாய்லெட் ரிப்பேர்.”

ரிப்பேர் இல்லை. பூட்டு.

வெர்னா கேட்டாள்: “கேப்டன், இன்னிக்கு அலை பெருசா இருக்கே. நடுவுல எறங்க விடுவீங்களா?”

“இன்னிக்கு முடியாது மேடம்.”

“அப்ப?”

“அடக்கிக்கணும்!” என்று கண்ணடித்தார். மறுபடி சிரிப்பு.

வெர்னா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தன் தண்ணீர்ப் பாட்டிலை மூடி நின்ஃபாவிடம் கொடுத்தாள். நான் பார்த்தேன். அந்தக் கை அசைவில் பழக்கம் இருந்தது. காலையில் காப்பிகூட அவள் குடிக்கவில்லை, முந்தைய இரண்டு நாளும் அப்படித்தான் என்று நின்ஃபா பின்னால் சொன்னாள்.

நின்ஃபா அவளிடம் கிசுகிசுத்ததும் என் காதில் விழுந்தது. “ஏய், பேசாம சூட்லயே போயிரு. நான் ரெண்டு நாளா அதான் பண்றேன். என்ன கிழிச்சிருவான்?”

“அதை யாரோ ஒருத்தி கழுவணும்லடி,” என்றாள் வெர்னா.

(இந்த இடத்தில் ஒவ்வொரு பிரதியிலும் நான் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன். இப்போதும்.)

5

முதல் டைவ், மூழ்கிய கப்பல். தொண்ணூற்றைந்து அடி. பிசகில்லாமல் முடிந்தது. அடுத்த டைவுக்கு முன்னால், உடம்பில் சேர்ந்த காற்று வெளியேற, மேலே ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். படகு கிடந்து ஆடியது. ஆண்கள் ஒவ்வொருவராகப் பின்பக்கம் போய், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காரியத்தை முடித்துவிட்டு ஆரஞ்சுச் சுளையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெர்னா இரண்டு முழங்கால்களையும் சேர்த்து அணைத்துக்கொண்டு அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நின்ஃபாதான் எழுந்து வந்தாள். “மார்னி, அந்தப் பூட்டைத் திற.”

நான் ராய்ஸைப் பார்த்தேன்.

“அது வேலை செய்யலைன்னு சொன்னோமே,” என்றார் ராய்ஸ்.

“யோவ் கேப்டன், வேலை செய்யாததுக்கு எதுக்கய்யா பூட்டு? ஓடிப்போயிருமா?”

இரண்டு பேர் சிரித்தார்கள். ராய்ஸின் காது சிவந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் நின்ஃபாவிடம் சொன்னேன்: “அரை மணிதானே, அடக்கிக்கோங்க.”

அங்கே எனக்கு இருந்த வசனம் அவ்வளவுதான். அதைவிட நல்லதாக ஒன்று எழுதிக்கொள்ள எனக்கு வசதி இருக்கிறது. எழுத்தாளருக்கு இருக்கும் ஒரே அதிகாரம் அது. உபயோகிக்க மறுக்கிறேன்.

வெர்னா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “விடுடி நின்ஃபா. கெஞ்சாதே.”

இரண்டாவது டைவ், அறுபது அடி. அதிலும் ஒரு பிசகும் இல்லை. மெதுவாக ஏறினாள், குமிழி கட்டாமலிருக்கப் பதினைந்தடியில் நின்றாள், நேரம் பார்த்தாள், மேலே வந்தாள். ஏணியில் அவள் கையைப் பிடித்து ஏற்றியது நான்தான். “தாங்க்யூ கண்ணு,” என்றாள்.

பத்து நிமிடம் கழித்து, இடுப்பைச் சுற்றி யாரோ பெல்ட் போட்டு இறுக்குவதுபோல் இருக்கிறது என்றாள். பிறகு வலது கால் மரத்தது. பிறகு இடது. சூட்டைக் கத்தரித்துக் கழற்றினேன். வயிற்றின் மேல் தோல் பளிங்குபோல் நீலமும் சிவப்புமாக வரியோடியிருந்தது.

ராய்ஸ் ஒரு கணம்கூட வீணாக்கவில்லை. ஆக்ஸிஜன், ரேடியோ, நங்கூரக் கயிறு வெட்டு, இரண்டு எஞ்சினும் முழு வேகம். இதை அழுத்தி எழுதச் சொல்லி என் மனசாட்சி சொல்கிறது, எழுதுகிறேன்: கரை சேரும்வரை அந்த நாற்பது நிமிடம் அவர் என்னைவிட நல்ல மாலுமி, என்னைவிட நல்ல மனிதர்.

படகின் தரையில் முகமூடியோடு கிடந்த வெர்னா என் மணிக்கட்டைப் பிடித்தாள். முகமூடியை விலக்கினேன்.

“போகணும்.”

“போங்க,” என்றேன். “இங்கேயே போங்க.”

“வரல.”

“போடி! தரையிலேயே போ!” நின்ஃபா கத்தினாள். “நான் கழுவுறேன். எல்லாத்தையும் நான் கழுவுறேன்டி, போ!”

“போகணும். நிறைஞ்சிருக்கு. வரல நின்ஃபா. எங்க இருக்குன்னே தெரியல.”

6

இதை நான் கற்பனை செய்திருந்தால் வைத்திருக்க மாட்டேன். மூத்திரத்தை அடக்கச் சொல்லப்பட்ட பெண்ணுக்கு மூத்திரமே வராமல் போகிறது என்று யாராவது கதை எழுதிக்கொண்டு வந்தால், “ரொம்பப் பொருத்தமா இருக்கே, நம்ப முடியலையே” என்று திருப்பிக் கொடுத்திருப்பேன். ஆனால் தண்டுவடத்தில் குமிழி கட்டினால் நடப்பது இதுதான். கால் போகும், அதோடு மூத்திரப்பையின் கட்டுப்பாடும் போகும். பாடப்புத்தகத்தில் இருக்கிறது. உடம்புக்குக் கதை இலக்கணம் தெரியாது.

மயாமியில் உயர் அழுத்த அறைக்குள் வைத்து ஆறு நாள் சிகிச்சை கொடுத்தார்கள். கால்கள் முக்கால்வாசி திரும்பின. இப்போது தடி வைத்து நடக்கிறாள். மற்றது திரும்பவில்லை. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, தானே ஒரு மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, மூத்திரத்தை வடித்துக்கொள்ள வேண்டும். ஆயுளுக்கும்.

டாக்டரிடம் கேட்டேன்: தண்ணீர் குடிக்காததுதான் காரணமா?

“சொல்ல முடியாதும்மா. ஒரு காரணமா இருக்கலாம். எல்லாம் சரியாச் செஞ்சவங்களுக்கும் இது வரும். எதுவுமே சரியாச் செய்யாதவன் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போவான்.”

அதையும் இங்கே வைக்கிறேன். என் கோபத்துக்கு நிரூபணம் இல்லை. ஆனால் விபத்து நடந்த அன்று சாயங்காலம் கடையில் உட்கார்ந்து அந்தப் படிவத்தை நிரப்பியபோது நிரூபணம் யாரும் கேட்கவில்லை. பதினோராவது கேள்வி: இல்லை. குறிப்பு: “நிறையத் தண்ணீர் குடிக்கும்படி பயணிகளுக்கு ஊழியர் அறிவுறுத்தினார்.” ஊழியர் நான்தான். அறிவுறுத்தியது நிஜம். ஒரு பொய்கூட இல்லாமல் ஒரு பெண்ணின் வாயில் பழியைத் திணித்துவிட்டேன். கடைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, “தெளிவா இருக்கு,” என்றார்.

பாராட்டு.

7

ராய்ஸ் என்ற பாத்திரத்தோடு எனக்குச் சண்டை.

முதல் பிரதியில் அவருக்குத் தொந்தி வைத்தேன். அவருக்குத் தொந்தி கிடையாது. இரண்டாவதில் கெட்ட வார்த்தை பேச வைத்தேன். அவர் பேச மாட்டார். உண்மையில் ஆஸ்பத்திரிக்கு ஆறு நாளும் வந்தார், உள்ளே போக வெட்கப்பட்டு லிஃப்ட் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கடைசி நாள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். நான் தோளில் கை வைத்தேன்.

அடுத்த வாரம் வேலைக்குப் போனேன். பூட்டு அப்படியே தொங்கியது.

கருவிப் பெட்டியிலிருந்து இரும்பு வெட்டும் கத்தரியை எடுத்து வெட்டினேன். ராய்ஸ் தடுக்கவில்லை. மறுநாள் புதுப் பூட்டு.

“பொண்ணு, அது மறுபடி அடைச்சா நீயா கையை விடுவ?”

“விடுவேன்.”

“இப்ப சொல்லுவ. எனக்கு அறுபத்தி மூணு வயசாச்சு. ஒரு தடவை விட்டதே போதும்.”

“வெர்னாவைப் பார்த்தீங்கல்ல?”

“பார்த்தேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

அவர் குரலில் எகத்தாளமே இல்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் என்னைக் கொன்றது. இவர் வில்லன் என்றால் கதை சுலபம். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகப் போய்ப் புதுப் பூட்டு வாங்கி வருகிற நல்ல மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சாவியைக் கொக்கியிலிருந்து எடுத்தேன், அவர் பார்க்கக் கடலில் எறிந்தேன், இறங்கி வந்துவிட்டேன். (“சினிமா மாதிரி இருக்கு,” என்றாள் நின்ஃபா. “இருக்கட்டும்,” என்றேன். “அவன்கிட்ட இன்னொரு சாவி இருக்கும்,” என்றாள். இருந்தது.)

டைவிங் விபத்துப் படிவங்களைச் சேகரிக்கும் சங்கத்துக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். மூன்று விதிகளையும், பூட்டையும், நான் சொன்ன வாக்கியத்தையும். “பெறப்பட்டது, கோப்பில் சேர்க்கப்பட்டது” என்று இரண்டு வரி பதில் வந்தது. கோப்பை யாராவது திறக்கிறார்களா, தெரியாது.

இப்போது வேறொரு கடையில் வாடகை உடைகளைக் கழுவுகிறேன். தினமும் நாற்பது, ஐம்பது. எல்லோரும் அதற்குள்ளேயே போயிருக்கிறார்கள். மருந்துத் தண்ணீரில் அரை மணி ஊறப்போட்டு அலசினால் நாற்றம் போய்விடுகிறது. போகவே போகாது என்று ஏன் எழுதி ஒட்டினோம்?

8

போன ஞாயிறு வெர்னாவைக் கூப்பிட்டு, இதுவரை எழுதியதை முழுதும் வாசித்துக் காட்டினேன். அவள் சரி என்று சொல்லாமல் ஒரு வரியும் வெளியே போகாது என்று முதலிலேயே பேச்சு. ஒரு மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“என்னைத் தியாகி ஆக்கிட்ட,” என்றாள்.

“எங்கே?”

“‘யாரோ ஒருத்தி கழுவணும்’ங்கிற இடத்துல. சொன்னேன்தான். ஆனா அதுக்காக மட்டும் இல்ல. அந்தச் சூட்டுக்குள்ள போறதுக்கு எனக்கு அருவருப்பா இருந்துச்சு. பத்தொன்பது வருஷம் என் மூத்திரத்துலயே நின்னவ நான். லீவுல வந்தும் நிக்கணுமா? அதை எழுது.”

எழுதிக்கொண்டேன்.

“‘பூட்டைத் திற’ன்னு உன்கிட்ட நான் கேக்கல. அதையும் மறைக்காத.”

“கேட்டிருக்கலாமேன்னு இப்ப தோணுதா?”

“இல்ல.” குரல் முதல்முறையாக உயர்ந்தது. “கேக்காததுக்கு எனக்கு வருத்தமே இல்ல மார்னி. ஆலையை விட்டு வந்த அன்னிக்கு, இனிமே இதுக்கு எவன்கிட்டயும் அனுமதி கேக்க மாட்டேன்னு முடிவு பண்ணேன். முதுகெலும்பு போச்சு, அந்த முடிவு போகல. என் கோபமெல்லாம், அதை நான் ஏன் கேக்கற மாதிரி வெச்சீங்க? அதுக்குப் பதில் உன் கதையில இல்ல.”

இல்லைதான்.

முடிவுகள் இரண்டு வைத்திருப்பதாகச் சொன்னேன். ஒன்றில், ஜார்ஜியாவின் அந்தக் குவாரியில், டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும், நின்ஃபா பக்கத்தில் வர, வெர்னா மறுபடி பத்தடி ஆழத்துக்கு மெதுவாக இறங்குகிறாள். இன்னொன்றில் ராய்ஸ் அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். என்ன சொல்கிறார் என்று நான் இன்னும் எழுதவில்லை; அவருக்கு ஒரு வாக்கியம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

வெர்னா சிரித்தாள். “ரெண்டுமே இல்லடி. நான் ஒண்ணு சொல்லட்டுமா?”

“சொல்லுங்க.”

“அது என்னன்னா...”

அவள் பக்கம், நாலு மணி நேரக் கணக்குக்கு வைத்த கடிகாரம் பீப் பீப் என்றது.

“நேரமாச்சு. போகணும்,” என்றாள்.

“எவ்வளவு நேரம் ஆகும்?” வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

“ஆகற நேரம் ஆகும்,” என்று வைத்துவிட்டாள்.

அந்த இடத்தில்தான் கதை நிற்கிறது. இரண்டு முடிவுகளும் மேசைமேல் கிடக்கின்றன. பொறுக்க முடியாதவர்கள் எதையாவது எடுத்துக்கொண்டு போகலாம். சொந்தமாக ஒன்று வைத்திருந்தால் அதையும் மாட்டிப் பாருங்கள், ஆனால் அவள் முகத்துக்கு நேராக அதைச் சொல்ல முடியுமா என்று யோசித்துவிட்டு. நான் தேர்ந்தெடுக்கப்போவதில்லை. ஃபோனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்களும் வேண்டுமானால் உட்காருங்கள்.

யாரும் கதவைத் தட்டாதீர்கள்.